ஒன்றும் நடக்காத நாட்களின் கணக்கு

போன மாதம் ஒரு காதுகுத்து விசேஷம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் (பெரியப்பா மகளின் வீட்டுக்காரர்) ஒரு கேள்வி கேட்டார். நிலநடுக்கம், ஜிபிஎஸ் என்று எதையாவது படித்துவிட்டு வந்து கழுத்தறுப்பவன் என்று எனக்குக் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு :-)

"ஏம்ப்பா, இருபதாயிரம் கிலோமீட்டர் ஒசரத்துலேருந்து தரை மில்லிமீட்டர் கணக்குல நகர்றதை அளக்குறாங்கன்னு சொல்றே. சரி. அடுத்தது எப்ப வரும்னு சொல்ல முடியுமா? முடியாதுங்குறே. அப்ப அதை அளந்து என்னத்துக்கு ஆவுது?"

வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அத்தானுக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26 காலையில் அவர் வீட்டில் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனது. அவர் கேட்டது வெட்டிப்பேச்சு இல்லை. அன்றைக்கு மழுப்பலாக என்னமோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எப்படி அளக்கிறார்கள்?

நம் கைபேசியில் இருக்கும் ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை முன்னே பின்னே காட்டும். தெருவைக் கண்டுபிடிக்க அது போதும். நில நகர்வை அளப்பவர்களும் அதே செயற்கைக்கோள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வேறு விதமாக. செயற்கைக்கோள் அனுப்பும் செய்தியை மட்டும் படிக்காமல், அந்தச் செய்தியைச் சுமந்து வரும் ரேடியோ அலையையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அலை மேட்டில் வந்து தொடுகிறதா, பள்ளத்தில் வந்து தொடுகிறதா என்பதை நூறில் ஒரு பங்கு வரை நுணுக்கமாகச் சொல்ல முடியும். அதாவது இரண்டு மில்லிமீட்டர்.

சொல்வதற்கு சுலபம். நடுவில் எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்று தெரியாது. அதற்கு செயற்கைக்கோள் வானத்தில் நகர்வதை நேரக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று மண்டலத்தின் மேல் அடுக்கில் இருக்கும் மின்னேற்றம் அலையைத் தாமதப்படுத்தும். அதைக் கழிக்க இரண்டு வெவ்வேறு அலைவரிசைகளில் அளக்க வேண்டும். கீழே காற்றிலுள்ள ஈரப்பதமும் தாமதப்படுத்தும், அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையைத் தடுக்க, ஆன்டெனாவைச் சுற்றி வட்ட வட்டமாக உலோக வளையங்கள். ஆன்டெனாவை மண்ணில் நட்டால் மண்ணின் ஆட்டம்தான் கிடைக்கும் என்பதால் பாறையில் துளை போட்டு நட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. கடல் மட்டும்தான் நிலவுக்கு ஏறி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தரையும் ஏறி இறங்குகிறது. தினமும் இரண்டு முறை, 30 சென்டிமீட்டருக்கும் மேலே கூட! நீங்கள், வீடு, தெரு, ஊர் எல்லாம் சேர்ந்து ஏறி இறங்குவதால் தெரிவதில்லை. மில்லிமீட்டர் வேண்டுமென்றால் இதையும் கழிக்க வேண்டும்.

இத்தனையும் கழித்து, 24 மணி நேர அளவீட்டைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு புள்ளி கிடைக்கும். மறுநாள் இன்னொரு புள்ளி. அந்தப் புள்ளிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் நிலம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். நம் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. ஏறக்குறைய நகம் வளரும் வேகம். ஒரு நாள் புள்ளியை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரம் நாள் புள்ளிகள் வேண்டும். அந்த ஆயிரம் நாளில் 999 நாள் பார்த்தால் விசேஷம் ஒன்றும் இருக்காது.

சரி, இதை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்? எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு.

கனடாவின் வான்கூவர் தீவிலிருந்து அமெரிக்காவின் வடக்கு கலிபோர்னியா வரை கடலோரமாக ஒரு பெரும் பிளவு போகிறது. கஸ்காடியா என்று பெயர். அங்கே கடலடித் தட்டு ஒன்று, ஆண்டுக்கு சுமார் நான்கு சென்டிமீட்டர் வேகத்தில் வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. நுழைகிறது என்பதை விட நுழைய முயல்கிறது என்பதே சரி, ஏனென்றால் மேல் பகுதி சிக்கிக்கொண்டிருக்கிறது. கடைசியாக அது அறுந்தது 1700 ஜனவரி 26 அன்று. இந்தத் தேதி எப்படித் தெரியும் என்றால், ஜப்பானில் யாரும் நிலநடுக்கத்தை உணராமலே ஒரு சுனாமி வந்ததாகப் பழைய குறிப்புகள் இருந்தன. பசிபிக்கின் அந்தக் கரையில் உப்பு நீரில் மூழ்கிச் செத்து நின்ற மரங்களையும் இந்தக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்துத் தேதியைப் பிடித்தார்கள். அதன் பிறகு முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள். முழுக்கப் பூட்டிக்கொண்டிருந்தால் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் பாக்கி!

கடன் நோட்டு மாதிரிதான் இது. தட்டு இத்தனை நகர வேண்டும், இத்தனைதான் நகர்ந்திருக்கிறது, மிச்சம் பாக்கி. எந்த இடத்தில் எவ்வளவு பாக்கி ஏறுகிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லும். கடன்காரன் என்றைக்கு வாசலில் வந்து நிற்பான் என்பதை மட்டும் சொல்லாது.

1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே நிலையங்களை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். எதிர்பார்த்தபடியே எல்லாம் நிலப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. 1999 கோடையில் ஏழு நிலையங்கள் திடீரென்று திசை மாறிக் கடல் பக்கமாகச் சில மில்லிமீட்டர் திரும்பி நடந்தன. அப்புறம் பழைய திசையில் போக ஆரம்பித்துவிட்டன. நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை. ஒரு டம்ளர் கூட ஆடவில்லை. ஹெர்ப் டிராகெர்ட்டும் அவருடைய கனடா சகாக்களும் கணக்குப் போட்டு 2001இல் எழுதினார்கள்: ஆழத்தில், 50 கிலோமீட்டருக்கு 300 கிலோமீட்டர் பரப்பில், தட்டு இரண்டு சென்டிமீட்டர் வழுக்கியிருக்கிறது. 6.7 அளவு நிலநடுக்கத்துக்குச் சமமான நகர்வு, சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினால், 13 முதல் 16 மாதத்துக்கு ஒரு முறை இதே நடக்கிறது என்று தெரிந்தது. ஜப்பானிலும் இதன் வகையறாக்களைப் பார்த்தார்கள். அதுவரை பூமி ஒன்று சிக்கிக்கொண்டிருக்கும், இல்லை அறுந்து ஆடும் என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். மெல்ல வழுக்கவும் செய்யும் என்பது இப்படித்தான் வெளியே வந்தது.

கவனியுங்கள், யாரும் இதைத் தேடிப் போகவில்லை. ஒன்றும் நடக்காத நாட்களை ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால் கிடைத்தது. "ஏழெட்டு வருஷமா ஒரே நேர்கோடு, இதுக்கு எதுக்கு கரண்ட் பில்" என்று 1998இல் மூடியிருந்தால்?

இதில் நம்மூர்க் கதை ஒன்றும் இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கியதுதான் பின்னால் இந்தியா முழுக்க விரிந்த மாபெரும் முக்கோண அளவை. அந்த வேலை வரைபடத்துக்காக, ஆட்சிக்காக, வரிக்காக நடந்தது. நிலம் நகர்கிறது என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது. ஆனால் தென்னிந்தியாவில் 1860களில் அளந்து வைத்த புள்ளிகளை 1994இல் ஜிபிஎஸ் கொண்டு மறுபடி அளந்தார்கள். 130 ஆண்டு இடைவெளியில் தீபகற்ப இந்தியா உள்ளுக்குள் ஏறத்தாழ வளையாமல் நெளியாமல் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அந்தப் பழைய அளவு இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை கோடி கொட்டினாலும் 1864ஐ வாங்க முடியுமா? நேற்றைய அளவை இன்றைக்குப் போய் எடுக்க முடியாது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் போதும், மீதி எல்லாம் தானாகப் புரியும் என்பது என் கட்சி.

இனி அத்தானின் கேள்விக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26, இந்திய நேரப்படி காலை ஆறரைக்குச் சற்று முன்பு சுமத்ராவுக்கு அருகே தரை அறுந்தது. வடக்கே அந்தமான் வரை சுமார் 1300 கிலோமீட்டர் நீளத்துக்கு அறுந்துகொண்டே போனது. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள்.

ஹவாயில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடத்தில் முதல் அறிக்கை கொடுத்தது. அளவு 8.0 என்றது. ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்று திருத்தியது. உண்மையான அளவு 9.1. 8.0க்கும் 9.1க்கும் வித்தியாசம் கம்மிதானே என்று தோன்றும். இந்த அளவுகோலில் ஒரு எண் ஏறினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு. 8.0 என்பது அக்கம்பக்கத்துப் பிரச்சினை. 9.1 என்பது ஒரு மகாசமுத்திரத்தின் பிரச்சினை.

ஏன் குறைத்து மதிப்பிட்டார்கள்? அவர்கள் திறமைக் குறைவால் இல்லை. அதிர்வுமானி என்பது ஆட்டத்தை அளக்கும் கருவி. இவ்வளவு பெரிய, நீண்ட நேரம் நீடிக்கும் நிலநடுக்கத்தில் முதலில் வரும் அலைகளை வைத்து முழு அளவையும் சொல்வது கஷ்டம். ஜிபிஎஸ் அளப்பது ஆட்டத்தை இல்லை, இடத்தை. முன்னாடி எங்கே இருந்தாய், இப்போது எங்கே இருக்கிறாய், அவ்வளவுதான். அன்றைக்கு தாய்லாந்தின் புக்கெட் சுமார் 27 சென்டிமீட்டர் நகர்ந்தது. பெங்களூரு கூட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கிழக்கே நகர்ந்தது. 2006இல் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ப்ளூயிட் குழுவினர் அன்றைய ஜிபிஎஸ் பதிவுகளையே எடுத்து, நிலநடுக்கம் தொடங்கிப் பதினைந்து நிமிடம் வரையிலான தகவலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். விடை 9.0!

இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. 6.45க்குத் தெரிந்திருக்கக் கூடிய விஷயம். அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி.

உடனே "அப்போ காப்பாத்தியிருக்கலாமே" என்று தாவ வேண்டாம். அன்றைக்கு அந்தப் பதிவுகளை உடனுக்குடன் கணக்கிட ஆளில்லை. தெரிந்திருந்தாலும் இந்தியப் பெருங்கடலில் யார் யாருக்குச் சொல்வது என்ற ஏற்பாடே இல்லை. குப்பத்துக்குச் சேதி போய்ச் சேரும் வழியில் பத்து ஓட்டைகள். ஆனால் முதல் ஓட்டையாவது அடைபட்டிருக்கும்.

முக்கியமான விஷயம் இது. பெங்களூரு அன்றைக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தது என்று எப்படிச் சொல்கிறோம்? அதற்கு முந்தைய நாள், முந்தைய மாதம், முந்தைய வருடங்கள் அது எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருந்ததால். அத்தான் 'என்னத்துக்கு' என்று கேட்ட அந்த வெட்டி வேலைதான், வேண்டிய நாளில் பதினைந்து நிமிடத்தில் பதில் சொல்லும் கருவியும். இரண்டும் வேறு வேறு இல்லை.

பாடம் கற்றோமா? 2011 மார்ச் 11, ஜப்பான். உலகத்திலேயே நெருக்கமான ஜிபிஎஸ் வலை அவர்களுடையது. சுமார் 1200 நிலையங்கள். ஆனால் அந்த வலை அன்றைக்கு சுனாமி எச்சரிக்கையோடு இணைக்கப்படவில்லை. மூன்று நிமிடத்தில் எச்சரிக்கை வந்தது, அளவு 7.9 என்று. மியாகிக்கு ஆறு மீட்டர், இவாத்தேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் மூன்று மீட்டர் அலை என்றார்கள். நிஜத்தில் 9.0. ஒஷிகா தீபகற்பத்தில் இருந்த நிலையம் ஐந்து மீட்டருக்கு மேல் நகர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருந்தது. கருவிக்குத் தெரிந்தது எச்சரிப்பவருக்குத் தெரியவில்லை. கடலில் மிதக்கும் ஜிபிஎஸ் மிதவைகளைப் பார்த்து 28 நிமிடம் கழித்து எச்சரிக்கையை உயர்த்தினார்கள். அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போயிருந்தது. அதன் பிறகுதான் ஜிபிஎஸ்ஸை வைத்து உடனடியாக அளவைக் கணக்கிடும் ஏற்பாட்டை ஜப்பான் செய்தது.

"மில்லிமீட்டரெல்லாம் அப்புறம், முதல்ல ஊருக்கு ஊர் சைரன் வைங்கப்பா" என்று யாராவது சொல்லலாம். நியாயமான வாதம், நானும் சைரன் கட்சிதான். ஆனால் 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? சுமத்ராவுக்கு மேற்கே 8.6. சென்னையில் அலுவலகங்களைக் காலி செய்துவிட்டு எல்லோரும் தெருவில் நின்றோம். சுனாமி எச்சரிக்கை கொடுத்துப் பிறகு விலக்கிக்கொண்டார்கள். தட்டு பக்கவாட்டில் வழுக்கியதால் கடலடி பெரிதாக மேலே எழும்பவில்லை. பெரிய அலையும் இல்லை. எச்சரித்தது சரிதான். ஆனால் சைரன் நாலு முறை சும்மா அடித்தால் ஐந்தாவது முறை யாரும் ஓட மாட்டார்கள். எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சீக்கிரம் தெரிந்தால்தான் சைரனுக்கு மரியாதை இருக்கும்.

இப்போது என் தரப்பு. மூன்றே விஷயம்.

ஒன்று, தேதி சொல்லுவோம் என்று ஆசை காட்டி இதற்குப் பணம் கேட்பதை நிறுத்த வேண்டும். 2023இல் ஒரு ஆய்வு வந்தது. தொண்ணூறு பெரிய நிலநடுக்கங்களுக்கு முந்தைய ஜிபிஎஸ் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மணி நேரம் முன்பிருந்தே மெல்லிய நகர்வு தெரிகிறது என்றது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. பிறகு வேறு ஆய்வாளர்கள், நிலையங்களுக்குப் பொதுவான இரைச்சலை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். அந்த நகர்வு காணாமல் போனது. பதிவுகள் திறந்திருந்ததால்தான் அடுத்தவர் சரிபார்க்க முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆசை காட்டிப் பணம் வாங்கினால், பலிக்காதபோது அளப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு, பதிவுகள் எல்லோருக்கும், உடனுக்குடன் கிடைக்க வேண்டும். ப்ளூயிட் குழு 2004 கணக்கைப் போட முடிந்தது அந்த நிலையங்களின் பதிவுகள் பொதுவில் இருந்ததால். பூட்டி வைத்த அளவும் எடுக்காத அளவும் ஒன்றுதான். ஒருவர் இரைச்சல் என்று தள்ளுவது இன்னொருவருக்கு விஷயமாகவும் இருக்கும். பிரேசிலின் மனாஸ் நகரம் அமேசான் வெள்ளத்தின் எடையில் ஆண்டுதோறும் ஐந்து முதல் ஏழரை சென்டிமீட்டர் வரை அமுங்கி எழுகிறது. 2014இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதி வறட்சியில் தண்ணீர் எடை குறைந்து சராசரியாக நான்கு மில்லிமீட்டர் எழும்பியிருந்தது. நிலநடுக்கத்துக்காக வைத்த கருவி, தண்ணீர்க் கணக்கும் சொல்கிறது!

மூன்று, இதுதான் முக்கியம். நிலையம் திறப்பதற்கு ரிப்பன் வெட்ட ஆள் இருக்கிறது. பத்தாவது வருடம் பேட்டரி மாற்ற, சூரியத் தகட்டில் பறவை எச்சத்தைத் துடைக்க, பக்கத்தில் வளர்ந்த மரக்கிளையை வெட்ட, அதற்கு யார் பணம் ஒதுக்குவது? 2007இலிருந்து ஹைதராபாத்தில் நமக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. அந்தமான் நிக்கோபாரில் அதிர்வுமானியோடு சேர்த்து ஜிபிஎஸ் நிலையங்களும் வைத்திருக்கிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அடுத்தது நாளைக்கே வரலாம், நூறு வருடம் கழித்தும் வரலாம். அந்த நூறு வருடமும், ஒன்றுமே நடக்காத போதும், அந்தப் பேட்டரியை யாராவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "இத்தனை வருஷத்துல இதனால என்ன பிரயோஜனம்" என்று ஒரு தணிக்கை அதிகாரி கேட்கத்தான் போகிறார். அன்றைக்கு அவருக்குச் சொல்லப் பதில் வேண்டும்.

நேற்று அத்தானுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். நாள் சொல்ல முடியாது அத்தான், ஆனா அறுந்த கால் மணி நேரத்துல எவ்வளவு பெருசுன்னு சொல்ல முடியும், அதுக்கு நாள் தவறாம எழுதி வெச்சிருக்கணும் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கால் மணி நேரமா..." என்றார். "எங்க தெருவுலேருந்து மேட்டுக்குப் போக பத்து நிமிஷம்தான்ப்பா."

அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.